வால் இல்லாத ரயில்கள்

எழுத்தாளன் என்றால் கதை எழுதுவதைத் தவிர இன்னொரு பொழுதுபோக்கும் அவனுக்கு இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். வீணை வாசிப்பேன், ரோஜாச் செடி வளர்ப்பேன், பழைய நாணயம் சேர்ப்பேன் என்று ஏதாவது சொன்னால் திருப்தியாகத் தலையை ஆட்டுவார்கள். "கூட்ஸ் வண்டிகளைப் படம் பிடிக்கிறேன்" என்று நான் சொல்லும்போது மட்டும் ஒரு விநாடி மௌனம் நிலவும். பிறகு, "ஓகோ, ரயிலா? ஊட்டி ரயில், பாம்பன் பாலம் எல்லாம் எடுத்திருப்பீர்களே!" என்பார்கள். நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழி செய்து தருகிறார்களாம். "இல்லை, கூட்ஸ் வண்டி மட்டுந்தான்" என்பேன். அதற்குப் பிறகு பேச்சு மழையைப் பற்றியோ காய்கறி விலையைப் பற்றியோ திரும்பிவிடும்.

என் மனைவிக்கு இந்த விஷயத்தில் நிரந்தரமான மனத்தாங்கல் உண்டு. உறவினர் கல்யாணத்துக்காக வெளியூர் போனால், மாப்பிள்ளை அழைப்பு முடிந்த மறுநாள் விடியற்காலையில் நான் காணாமல் போய்விடுவேன். "எல்லோரும் முகூர்த்தத்துக்கு வந்தார்கள்; இவர் சாமான் வண்டிக்கு முகூர்த்தம் பார்க்கப் போய்விட்டார்" என்று அவள் சொல்லிச் சொல்லி, எங்கள் உறவில் இது ஒரு வசனமாகவே ஆகிவிட்டது.

கூட்ஸ் வண்டியை யாரும் மதிப்பதில்லை. கேட்டில் அகப்பட்டுக்கொண்டால் அதைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் நம் ரயில்வேக்குச் சோறு போடுவது அதுதான். மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்குக் கட்டணத்திலிருந்து வருகிறது. 2023-24 ஆம் வருஷத்தில் மட்டும் 158 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதில் பாதி நிலக்கரி. நாம் வாங்கும் டிக்கெட்டின் உண்மையான விலையில் ஒரு பகுதியை, ஒரிஸ்ஸாவிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒரு நிலக்கரி வண்டி நமக்காகக் கட்டிவிடுகிறது. சென்னைக்கு ரயில் வந்த வரலாற்றைப் பார்த்தாலும் சரக்குக்குத்தான் முதல் மரியாதை. ராயபுரத்திலிருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு 1856-ல் வண்டி கிளம்பிற்று. அதற்கு 19 வருஷம் முன்பே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து ரோடு போடக் கல் ஏற்றி வர ஓர் இருப்புப் பாதை ஓடியது. இந்தியாவின் முதல் ரயிலில் பிரயாணம் செய்தது கல்!

இதையெல்லாம் ஒரு முறை ரயில்வே போலீஸ்காரர் ஒருவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டி வந்தது. நான் தண்டவாளத்துக்கு அருகே போகிறவன் அல்ல. வேலியைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். அதைவிட, வயசான காலத்தில் புத்திசாலித்தனமும் அல்ல. ரோட்டு ஓரம், வாய்க்கால் கரை, மேம்பாலம் இவையே என் ஸ்தானங்கள். அன்றைக்கும் ரோட்டில்தான் நின்றிருந்தேன். "என்ன படம் பிடிக்கிறீங்க?" என்றார் அவர். சொன்னேன். என் வெள்ளைத் தலையைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், தூரத்தில் போய்க்கொண்டிருந்த சிமெண்டு வண்டியைப் பார்த்தார். "வீட்டிலே யாராவது இருக்காங்களா, பெரியவரே?" என்று பரிவோடு கேட்டுவிட்டு, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

காமிரா வாங்கியது 1996-ல். அதுவும் பழையதுதான். ஒரு நாவலுக்குக் கிடைத்த பணம் அதில் போயிற்று. ஒரு சுருளில் 36 படம். ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். அப்போது நம் பக்கத்தில் நிலக்கரி எஞ்சின்கள் ஓய்ந்துபோயிருந்தன. டீசல் எஞ்சின் காலம். இப்போது டீசலும் ஓய்ந்து வருகிறது. எங்கே பார்த்தாலும் மின்சாரக் கம்பமும் கம்பியும் படத்தைக் குறுக்கே வெட்டுகின்றன. ரயில்வேக்கு லாபம், நாட்டுக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். படம் எடுக்கிறவனைக் கேட்டால் வேறு பதில் வரும்.

கோடையில் எனக்குப் பிடித்த இடம் மணியாச்சிப் பக்கம். அந்த ஸ்டேஷன் பெயரைக் கேட்டதுமே எல்லோருக்கும் 1911-ம் வாஞ்சியும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலமும், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நிலக்கரியை நிரப்பிக்கொண்டு வரும் திறந்த வண்டிகளுந்தான். மண்ணும் கறுப்பு, சரக்கும் கறுப்பு. சித்திரை வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் காமிராவைத் தூக்குவது வீண். தூரத்தில் வரும் எஞ்சின், தண்ணீருக்குள் இருப்பதுபோல் கானலில் ஆடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை நிறுத்தாது. ஆனாலும் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் அப்படி நிற்கும்போது, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்தார். இந்த வேகாத வெயிலில் என்ன வேலை என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். "வெயில்லதான் ஸார் எங்களுக்கு வேலையே" என்றார்.

விஷயம் இதுதான்: இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பழைய மாதிரி இடைவெளி இல்லை. அதனால்தான் "தடக் தடக்" என்ற சத்தமும் இல்லை. வெயிலில் இரும்பின் சூடு 60 டிகிரியை எட்டும்போது அதற்கு நீள வேண்டும்போல் இருக்கும். நீள இடம் இராது. எங்கேயாவது பக்கவாட்டில் நெளிந்துவிட்டால் போச்சு. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, உச்சி வெயிலில் நடக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அவரைப் படம் எடுக்கவில்லை. அன்றைக்கு என் சுருளில் இரண்டு படமே பாக்கி. எஞ்சினுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆடி மாதத்தில் வாளையாருக்குப் போவேன். மேற்கு மலை அங்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கேரளத்தில் பெய்யும் மழையின் சாரலும் காற்றும் அந்தக் கதவு வழியாகக் கோயம்புத்தூர்ச் சீமைக்குள் புகும். குடை பிடித்தால் குடை நம்மை இழுத்துக்கொண்டு போகும். மேகம் மலையை மூடியிருக்க, அதன் அடிவாரத்திலிருந்து முதலில் ஒரு விளக்கு மட்டும் தெரியும். பிறகு மழையைப் பிளந்துகொண்டு எஞ்சின்; பிறகு, கேரளத்துக்கு அரிசி கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பும் பழுப்பு நிற மூடு பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. வெயிலில் அழுக்காகத் தெரியும் அந்தப் பெட்டிகள் நனைந்துவிட்டால் புதுச் செப்புக் குடம்போல் ஆகிவிடும். கூட்ஸ் வண்டியை அழகு என்று முதல் தடவையாக என் மனைவி ஒப்புக்கொண்டது அங்கே எடுத்த படத்தைப் பார்த்துத்தான்.

அந்தக் காட்டில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். எத்தனையோ யானைகள் வண்டியில் அடிபட்டுச் செத்திருக்கின்றன. இரவில் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று விதி. மதுக்கரைப் பக்கம் 2024-ல் கோபுரங்கள் நிறுத்தி, இருட்டிலும் யானையைக் கண்டுபிடித்துச் செய்தி சொல்லும் காமிராக்களை வைத்திருக்கிறார்கள். அந்தக் காமிராக்களை நினைத்தால் என் காமிராவை உறைக்குள் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் கூட்ஸ் வண்டியை அதன் முழுப் பலத்தோடு பார்க்க வேண்டுமானால் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். விசாகப்பட்டினத்துக்கு அருகே கொத்தவலசாவில் பிரிந்து, கிழக்கு மலைத் தொடரின் மேல் ஏறி, பஸ்தர் காட்டுக்குள் கிரந்துல் வரை போகிறது அந்தப் பாதை. பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு அனுப்புவதற்காக 1960-களில் போட்டது. ஜனங்கள் போக ஒரு பாஸஞ்சர் வண்டியும் விடுகிறார்கள். நான் 2009-ல், கார்த்திகை மாதத்தில், அதில்தான் போனேன். சுரங்கத்துக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக, காலை முழுவதும் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சுரங்கத்திலும் குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். சிமிலிகுடா என்ற சின்ன ஸ்டேஷனில், கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர் என்று எழுதிய பலகைக்கு முன்னால் எல்லோரும் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் அடுத்த லைனில் நின்றிருந்த காலி வண்டியைப் பிடித்தேன்.

அந்தச் சமயத்தில் அரக்கு முழுவதும் மஞ்சள். பேயெள் என்று நம் பக்கத்தில் சொல்கிற செடியை மலைவாசிகள் சரிவெல்லாம் விதைத்திருக்கிறார்கள். கார்த்திகையில் அது பூத்துக் குலுங்கும். மஞ்சள் சரிவின் நடுவே செந்தூரப் பொடி அப்பிய வண்டி வரும் என்று கணக்குப் போட்டு, ரோட்டோரத்து டீக்கடையில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று எஞ்சின்களைக் கோத்துக்கொண்டு வந்தது. அந்த மலை இறக்கத்தில் இழுப்பது பெரிதல்ல; பிடித்து நிறுத்துவதுதான் பெரிது. மூன்று எஞ்சின்களும் முனகிக்கொண்டு, பின்னால் தள்ளும் பாரத்தைத் தாங்கித் தாங்கி இறங்கின. மேலேயிருந்து பார்த்ததில் எனக்கு ஓர் ஏமாற்றம். பெட்டிகள் பாதிதான் நிறைந்திருந்தன. "இவ்வளவு தூரம் வருகிற வண்டியைப் பாதி காலியாகவா அனுப்புவார்கள்?" என்று என் அரைகுறைத் தெலுங்கில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கீழே கிடந்த ஒரு தாதுக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவுதான், கை தாழ்ந்துவிட்டது. நிலக்கரியானால் விளிம்பு வரை நிரப்பலாம். இதை அப்படி நிரப்பினால் அச்சு தாங்காது. பாதி இருக்கும்போதே அது முழுப் பாரம்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இப்படி அலைந்து சேர்த்தவற்றில் தேர்ந்தெடுத்து ஒரு பெரிய ஆல்பத்தில் ஒட்டி வைத்தேன். 212 படங்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி ஒரு மத்தியானம் குப்புறப் படுத்துக்கொண்டு அதைப் புரட்டினாள். எட்டு வயசு. பாதிக்கு மேல் போனதும், "தாத்தா, உன் ரயில் எதுக்குமே வால் இல்லையே!" என்றாள்.

"வாலா?"

"கடைசிப் பெட்டி எங்கே?"

ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். முதலில் சாதாரணமாகத்தான் புரட்டினேன். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எஞ்சின் இருந்தது, எஞ்சினை அடுத்துப் பத்து, இருபது பெட்டிகள் இருந்தன, வளைவில் திரும்பும் நீளமான வண்டிகள் இருந்தன. 212-ல் ஒன்றிலாவது கார்டு பெட்டி இல்லை. எஞ்சின் கடந்து போனதும் காமிராவை இறக்கிவிடுவது என் வழக்கமாக இருந்திருக்கிறது. வண்டியின் வால் வருவதற்குள் நான் வேறு பக்கம் பார்த்துவிடுகிறேன்.

என் தகப்பனார் கூட்ஸ் கார்டு.

விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தோம். மீட்டர் கேஜ் காலம். கூட்ஸ் கார்டுக்குக் கால அட்டவணை கிடையாது. வண்டி தயாரானால் ஆள் வேண்டும். நடுராத்திரி சைக்கிள் மணி கேட்கும்; கதவைத் தட்டுவார்கள்; "ஸார், கால்!" என்ற குரல். கால் பாய் நீட்டும் புஸ்தகத்தில் அப்பா தூக்கக் கலக்கத்தோடு கையெழுத்துப் போடுவார். அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். அந்த நேரத்தில் கட்டிக் கொடுத்த புளியஞ்சாதத்தின் வாசனை எனக்கு இன்றைக்கும் தூக்கத்தின் வாசனையாகத்தான் இருக்கிறது. போனால் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. மெயில் வந்தால் ஒதுங்கு, பாஸஞ்சர் வந்தால் ஒதுங்கு என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லூப் லைனில் தள்ளிவிடுவார்கள். இன்றைக்கும் நம் நாட்டுச் சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. ஓடும்போது மெதுவாக ஓடுவதால் அல்ல; நிற்க வைத்துவிடுவதால்.

அவருடைய லைன் பெட்டி கறுப்புப் பெயிண்டு அடித்த தகரப் பெட்டி. மேலே வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கை விளக்கு, ஊதல், விதிப் புத்தகம், முதலுதவிச் சாமான், அப்புறம் நாங்கள் தொடவே கூடாத ஒரு டப்பா. அதில் வெடி இருந்தது. தண்டவாளத்தின் மேல் கட்டிவைத்தால் எஞ்சின் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடி. வண்டி நடுவழியில் நின்றுபோனால், பின்னால் வருகிற வண்டி மோதிவிடாமல் கார்டு காப்பாற்ற வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டர் பின்னால் நடந்து போய் ஒரு வெடி. 800 மீட்டர் நடந்து போய், பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று வெடி. "ஒரு ஐப்பசி ராத்திரி, கொட்டுகிற மழையிலே போய் வைத்துவிட்டு வந்தேன்" என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். கைவிளக்கு அணைந்ததா, வழியில் பாம்பு கிடந்ததா, பயமாக இருந்ததா என்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாவலாசிரியன் என்று பெயர் வாங்கிய பிறகு யார் யாரிடமோ கதை கேட்கப் போயிருக்கிறேன்.

பிரேக் வேனில் மின்சார விளக்குக் கிடையாது, விசிறி கிடையாது, கழிப்பிடம் கிடையாது. பக்க விளக்கையும் வால் விளக்கையும் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி நறுக்கி, அந்தி சாய்வதற்குள் அவரே ஏற்ற வேண்டும். எஞ்சினில் மூன்று பேர் இருப்பார்கள். வாலில் ஒருவர். நடுவில் ஊமைச் சரக்கு.

இதையெல்லாம் இப்போது பெருமையாக எழுதுகிறேன். பதினோரு வயசில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெயில் கார்டு என்றால் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டும், பிளாட்பாரத்தில் கம்பீரமான நடையும். கூட்ஸ் கார்டு வீட்டுக்கு வரும்போது கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்குமாக வருவார். பள்ளிக்கூடத்தில் ஒரு டாக்டரின் பையன் எனக்குச் சிநேகிதன். "எங்கப்பா மெயில் கார்டு" என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அது 1963. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கேட் சாத்தியிருந்தது. நாலைந்து பையன்கள், அந்தச் சிநேகிதனும் இருந்தான். ஒய்.ஜி. எஞ்சின் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. பையன்கள் பெட்டிகளை உரக்க எண்ணினார்கள். அப்போதெல்லாம் அது ஒரு விளையாட்டு. கடைசியில் பிரேக் வேன் வந்தது. அதன் திறந்த தாழ்வாரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. கையில் சுருட்டி வைத்திருந்த பச்சைக் கொடியை, எனக்காக, கொஞ்சம் உயர்த்தினார்.

நான் திரும்பி, கேட்டின் பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த கிழவியின் கூடையைப் பார்த்தேன். வண்டியின் சத்தம் முழுவதும் அடங்கும் வரையில் கூடையைப் பார்த்தேன்.

"அந்தக் கார்டு யாருக்குடா கொடி காட்டினார்?" என்று ஒருவன் கேட்டான். "கேட்காரனுக்கு" என்றேன்.

அப்பா மறுநாள் விடியற்காலையில் வந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். நெஞ்சு திக் என்றது. "கேட்டிலே வண்டி வரும்போது அவ்வளவு பக்கத்திலே நிற்காதே. சங்கிலி கிங்கிலி தொங்கிக்கொண்டிருந்தால் வீசிவிடும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, 1991-ல் அவர் காலமாகும் வரையில் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு போட்டோ இருக்கிறது: 1979-ல் ஓய்வு பெற்றபோது, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. பின்னால் ஒரு துணித் திரை. ரயில் இல்லை.

பேத்தி கேட்ட பிறகு சில வருஷம் வரையில் நான் காமிராவையே தொடவில்லை. இதையும் மறைப்பானேன்?

2024 தை மாதத்தில் மன்னார்குடியில் ஒரு சாவு. துக்கம் கேட்டுவிட்டு நீடாமங்கலம் வழியாகத் திரும்பினேன். அந்த ஊர் கேட்டைப் பற்றித் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாத்தினால் எளிதில் திறக்காது. காரணம், நெல். சம்பா அறுவடை ஆனதும் கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரி லாரியாக மூட்டை வந்து ஸ்டேஷனில் இறங்கும். 42 பெட்டிகள், சுமார் 2,000 டன். அரவைக்காக வெளி ஜில்லாக்களுக்குப் போகும். எஞ்சினைக் கழற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டுவதற்குள் ரோட்டில் பஸ்ஸும் காரும் ஒரு மைல் நீளத்துக்கு நின்றுவிடும். காரிலிருந்து இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சரக்கு மேடைக்குப் போனேன்.

எல்லாப் பெட்டிகளின் கதவுகளும் திறந்து கிடந்தன. இடுப்பில் துண்டும் தலையில் சும்மாடுமாகச் சுமை தூக்குகிறவர்கள் லாரியிலிருந்து பலகை வழியாக நேரே பெட்டிக்குள் ஓடினார்கள். நடக்கிறவர் யாரும் இல்லை. பாரம் இருக்கும்போது ஓடுவதுதான் சுலபமாம். காலைப் பனி இன்னும் கலையவில்லை. மேடை முழுவதும் சிந்திய நெல். அதில் புறாக் கூட்டம். காய்ந்த நெல்லின் வாசனையும் சாக்கு வாசனையும் எஞ்சின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. ஒருவர் பெட்டிக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் மூட்டைக் கணக்கு எழுதினார். எல்லாவற்றையும் எடுத்தேன். இந்தத் தடவை மனிதர்களையும் எடுத்தேன். பிறகு மேடையின் கோடி வரையில் நடந்து போனேன்.

கடைசிப் பெட்டியின் படியில் கார்டு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும் என்று சொல்லத்தக்க தோற்றம். பக்கத்தில் தகரப் பெட்டி இல்லை. சக்கரம் வைத்த பை.

"கார்டு ஸார், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றேன்.

"கார்டு இல்லை ஸார். 2022-லேருந்து டிரெயின் மானேஜர்" என்று சிரித்தார். "பேர்தான் பெரிசாச்சு. பெட்டி அதே பெட்டி."

என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன். மீட்டர் கேஜ் கார்டு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். டப்பாவை மூடிவைத்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு, கையாலேயே தலையை வாரிக்கொண்டு, பச்சைக் கொடியை எடுத்தார். அப்போது கொடிக்கு வேலையில்லை. ஆனாலும் எடுத்தார். பெட்டியின் தாழ்வாரத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கை கொஞ்சம் நடுங்கியது. நாலு படம் எடுத்தேன். இரண்டு சுமாராக வந்தன.

"ஸார், எனக்கு ஓர் உபகாரம் பண்ணணும்" என்றார். "என் பையன் பெங்களூரிலே கம்ப்யூட்டர் வேலையிலே இருக்கான். இதை அவனுக்கு அனுப்ப முடியுமா? நான் வண்டியிலே நிக்கிறதை அவன் பார்த்ததே இல்லை." தன் சீட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவே, விவரம் எழுதிப் படத்தை அனுப்பினேன். "தாங்க்ஸ் அங்கிள்" என்று இரண்டு வார்த்தை பதில் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று விளக்கை அணைத்துப் படுத்தேன். யாரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு டெலிபோன் அடித்தது. அந்தப் பையன்தான்.

"தூங்கிட்டீங்களா, அங்கிள்? ஸாரி. ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்டே கேட்டா ஏதாவது சொல்லி மழுப்பிடுவார்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்தப் பெட்டியிலே ராத்திரி விளக்கு உண்டா?"

"படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தாயா?" என்றேன்.

"பார்த்தேன். ஒண்ணும் தெரியலே."

"நானும் பார்த்தேன். தெரியவில்லை" என்றேன். "எங்கள் அப்பா காலத்தில் கிடையாது."

"சரி, அங்கிள்" என்றான். ஆனால் உடனே வைத்துவிடவில்லை.